எண் மட்டும் சாட்சியாகுமா?

“வெளுத்ததெல்லாம் பாலல்ல” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கடலோரத்தில் வாழும் நமக்கு இம்மொழியின் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை. மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்தோர் வழிவந்த குடும்பங்கள் நம்மிடையே பல. வலம்புரிச் சங்கு எத்துணை அரிது என்பதும், இராமேசுவரம் கடைத்தெருவில் ‘வலம்புரி’ எத்துணை எளிதாகக் கிடைக்கின்றது என்பதும் அவர்கள் அறிந்தவையே. அமெரிக்கக் கரையோரக் கடல்களில் வாழும் வேறோர் இனத்துச் சிப்பி, இயல்பாகவே வலம்புரியைப் போலச் சுழி கொண்டது. அதனைத் தருவித்து வலம்புரி என்று விற்போர் உண்டு. ஆனால் அறிந்தவர் கண்ணை ஏமாற்ற இயலாது. சங்கின் வாயினுள்ளே நடுத்தண்டில் மூன்று அல்லது நான்கு மடிப்பு வரிகள் இருக்கின்றனவா என்று அவர் பார்ப்பார். நம் கடற்சங்குக்கு அவை உண்டு, அயற்சிப்பிக்கு இல்லை. சான்றிதழ் என்று ஒரு தாளை நீட்டினாலும் அவர் சிப்பியின் உள்ளேதான் பார்ப்பார்.

சங்கைப் பற்றி எழுதுவது நம் நோக்கமன்று. சங்கைப் போலவே ஓசை தரும் வேறொரு கருவியைப் பற்றி, அதாவது மின்கிட்டாரைப் பற்றி, வாசக அன்பர்களோடு சிறிது உரையாட விழைகின்றோம். ‘கிட்டாருக்கும் நம் குடும்பங்களுக்கும் என்ன தொடர்பு?’ என்று பெற்றோர் சிலர் வினவக்கூடும். இன்று கடலோரப் பங்குகளில் பாடகர் குழு இல்லாத பங்கு அரிது. கிட்டார் இல்லாத பாடகர் குழு அதனினும் அரிது. 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, குழலார்கனைப் பெரிதும் போற்றியதோடு, தகுதியுள்ள பிற இசைக் கருவிகளையும் உரியவரின் இசைவோடு வழிபாட்டில் சேர்த்துக்கொள்ள வழி திறந்தது. ஆர்மோனியமும் தபேலாவும் ஒலித்த நம் ஆலயங்களில் கிட்டாரும் இடம் பெற்றது. திருவிழா நாட்களில் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் இளைஞர் தோளில் கிட்டார் தொங்குவதைக் காணாதார் யார்?

அக்கருவி வாங்கப் பணம் எங்கிருந்து வருகின்றது? மீன்பாட்டில் மிச்சம் பிடித்த காசு; வளைகுடா நாட்டில் உழைக்கும் அண்ணன் அனுப்பியது; தாயின் காதணி அடகு வைத்தது. இப்படி வந்த பணம் போலிக் கருவிக்குப் போவது பாவம். அதே போல, உண்மையான கருவியைக் கையில் வைத்திருக்கும் ஏழை, அது போலி என்று நம்பவைக்கப்பட்டு அற்ப விலைக்கு விற்றுவிடுவதும் பெரும் அநீதி. இவ்விரண்டும் நடக்கின்றன. இரண்டிலும் நடுவே நிற்பது ஓர் எண். அதுவே நம் பேச்சுக்குப் பொருள்.

மின்கிட்டார் ஒலிக்கும் விதம்

சாதாரணக் கிட்டாருக்குக் குடம் போன்ற வயிறு உண்டு. கம்பியின் அதிர்வை அது பெருக்கித் தருகின்றது. மின்கிட்டாருக்கோ வயிறு தேவையில்லை. கம்பிகளுக்குக் கீழே ‘பிக்கப்’ எனப்படும் சிறு பெட்டி இருக்கும். அதனுள் காந்தம், காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். மேலே உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் கலைகின்றது. அக்கலைவு செப்புச் சுருளில் சிறு மின்னோட்டமாகின்றது. அதனை ஆம்ப்ளிஃபையர் பெரிதாக்குகின்றது. ஆதலின் நைலான் நரம்பு கட்டினால் மின்கிட்டார் ஊமையாகிவிடும். ரிக்கன்பேக்கர் நிறுவனம் 1932-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த, வாணலி போன்ற வடிவுடைய அலுமினியக் கிட்டாரே இவ்வகையில் கடைக்கு வந்த முன்னோடி. பின்னர்க் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பார் 1950-ல் கட்டை உடல் கொண்ட கிட்டாரையும் 1954-ல் ‘ஸ்ட்ராட்டோகாஸ்டர்’ என்னும் புகழ்பெற்ற வடிவையும் வெளியிட்டார். மிச்சிகன் மாநிலத்துக் கலாமசூ நகரில் 1902-ல் தோன்றிய கிப்சன் நிறுவனம் 1952-ல் ‘லெஸ் பால்’ கிட்டாரைத் தந்தது. உலகில் இன்று மிகுதியாகப் போலி செய்யப்படுவன இவ்விரு நிறுவனத்தாரின் வடிவங்களே.

தமிழருக்கும் இக்கருவி அந்நியமன்று. 1842-ல் மிஸ்குவித் என்பார் பெயரால் சென்னையில் தொடங்கி, இன்று ‘மியூசி மியூசிக்கல்’ என வழங்கும் இசைக்கருவி நிறுவனம் பல தலைமுறைகளுக்கு மேனாட்டுக் கருவிகளைக் காட்டியது. இசையமைப்பாளராவதற்கு முன் இளையராசா கிட்டார் வாசித்தவரே. மாண்டலின் சீனிவாசு மின்மாண்டலினில் கருநாடக இசையை வாசித்து வியப்பூட்டினார். சுகுமார் பிரசாத்தும் பிரசன்னாவும் மின்கிட்டாரிலேயே கமகம் காட்டினர். கொல்கத்தாவில் கிவ்சன், ஹோப்னர் முதலிய பெயர்களில் கிட்டார்கள் செய்யப்பட்டன. பெயரின் ஒலி அமெரிக்கக் கிப்சனையும் செருமானிய ஹோஃப்னரையும் நினைவூட்டினாலும் அவை தமக்கெனத் தனிப் பெயர் கொண்ட இந்தியக் கருவிகளே, போலிகள் அல்ல. பெயர் ஒத்திருப்பது வேறு. பிறர் பெயரையே பொறித்துக்கொண்டு வருவது வேறு. இவ்வேறுபாட்டை நம் பிள்ளைகள் தெளிதல் வேண்டும்.

எண்ணைப் படிக்கும் வகை

தொழிற்சாலையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு கிட்டாருக்கும் ஓர் எண் இடப்படுகின்றது. நம் படகுகளின் பக்கத்தில் ‘இந்தியா, தமிழ்நாடு’ என்னும் குறிகளோடு எழுதப்பட்ட பதிவெண்ணை ஒத்தது இது. படகின் எண்ணைப் படிக்கத் தெரிந்தவர் அது எவ்விடத்துப் படகு என்று சொல்லிவிடுவார். கிட்டாரின் எண்ணுக்கும் அவ்வாறே ஒரு மொழி உண்டு.

கிப்சன் நிறுவனம் 1977 முதல் எட்டு இலக்க எண்களைப் பொறித்தது. முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்தால் ஆண்டு. இரண்டு, மூன்று, நான்காம் இலக்கங்கள் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. கடைசி மூன்றும் அன்றைய வரிசை எண். எடுத்துக்காட்டாக 82765501 என்னும் எண்ணைப் பார்ப்போம். 8-உம் 5-உம் சேர்ந்து 1985, நடுவில் உள்ள 276, அவ்வாண்டின் 276-ஆம் நாள், அதாவது அக்டோபர் 3, இறுதியில் 501. தொடக்கத்தில் 500-க்குக் கீழ்ப்பட்ட வரிசை எண்கள் கலாமசூ ஆலைக்கும், அதற்கு மேற்பட்டவை நாஷ்வில் ஆலைக்கும் உரியன. ஆகவே இஃது நாஷ்விலில் உருவானது. இம்முறையில் நாளைக் குறிக்கும் இடத்தில் 400 என்றோ 500 என்றோ இருந்தால் அக்கருவியைப் பற்றி மேற்கொண்டு ஆராயவே வேண்டா. ஆண்டுக்கு 366 நாளுக்கு மேல் இறைவன் படைக்கவில்லை!

ஃபெண்டர் நிறுவனத்தார் வழி வேறு. பழைய கிட்டார்களில் எண், உடலையும் கழுத்தையும் இணைக்கும் உலோகத் தகட்டில் இருந்தது. 1963 முதல் 1965 வரை பெரும்பாலும் ‘எல்’ என்னும் எழுத்து எண்ணுக்கு முன் வரும். 1965-ன் தொடக்கத்தில் லியோ ஃபெண்டர் தம் நிறுவனத்தைச் சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்றபின், தகட்டில் பெரிய ‘எஃப்’ எழுத்து இடம்பெற்றது. 1976-ல் எண் தகட்டை விட்டுத் தலைப்பகுதிக்கு ஏறியது. அப்போது முதல், எழுத்து பத்தாண்டையும் அடுத்த இலக்கம் ஆண்டையும் குறிக்கும்: எழுபதுகளுக்கு ‘எஸ்’, எண்பதுகளுக்கு ‘இ’, தொண்ணூறுகளுக்கு ‘என்’, 2000-க்குப் பின் ‘இஸட்’. முன்னே ‘எம்’ சேர்ந்து வந்தால் மெக்சிகோவில் செய்யப்பட்டது என்று பொருள்.

எண் தடுமாறும் இடங்கள்

இத்தனையும் கற்றபின் ஒருவர், ‘இனி என்னை எவராலும் ஏமாற்ற முடியாது’ என்று நினைப்பாராயின், அவரே போலி வணிகர் தேடும் ஆள். ஏனெனில் எண்ணை நம்புவோரை ஏமாற்றுவது எண் அறியாதோரை ஏமாற்றுவதினும் எளிது.

முதலாவது, எண்கள் நாம் எண்ணுமளவுக்கு ஒழுங்கானவை அல்ல. பழைய ஃபெண்டர் ஆலையில் எண் பொறித்த தகடுகள் ஒரு பெட்டியில் குவிந்து கிடக்கும். தொழிலாளி கைக்கு எட்டியதை எடுத்து முடுக்குவார். ஆதலின் எண் சிறியதாக உள்ள கிட்டார், எண் பெரியதாக உள்ளதற்குப் பின்னர்ச் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். ‘இ4’ என்று தொடங்கும் எண்கள் 1984-க்குப் பின்னும் சில ஆண்டுகள் இடப்பட்டன. கிப்சனிலோ 1960-களில் இட்ட எண்களையே மீண்டும் இட்டனர். ஓர் ஆறு இலக்க எண்ணுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் பொருந்தும். 1970 முதல் எண்ணுக்குக் கீழே ‘அமெரிக்காவில் செய்யப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் பொறித்ததைக் கொண்டே பழையதையும் பிந்தியதையும் பிரித்தறிகின்றனர்.

இரண்டாவது, தகடு என்பது மூன்று அல்லது நான்கு திருகாணிகளால் நிற்பது. ஐந்து நிமிடத்தில் அதனைக் கழற்றி வேறு உடலில் மாட்டலாம். எண் தகட்டுக்குச் சாட்சி, மரத்துக்குச் சாட்சியன்று.

மூன்றாவது, போலி செய்வோர் புதிய எண்ணைக் கற்பனை செய்வதில்லை. உண்மையான ஒரு கிட்டாரின் எண்ணையே எடுத்துப் பல கருவிகளுக்கு இடுகின்றனர். வாங்குபவர் அந்த எண்ணைக் கைப்பேசியில் சரிபார்த்தால், ‘இன்ன ஆண்டு, இன்ன ஆலை’ என்று உண்மையான விடையே வரும். எண் மெய், கருவி பொய். 2023 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத் துறையினர் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகப் பகுதியில் கிப்சன் பெயர் தாங்கிய 3,000-க்கும் மேற்பட்ட போலிக் கிட்டார்களைப் பிடித்ததாக அறிவித்தனர். அவை உண்மையானவையாக இருந்திருப்பின் 1 கோடியே 80 இலட்சம் டாலருக்கு மேல் பெறுமாம். அவற்றுள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளையின் சேமிப்பை விழுங்கக் காத்திருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படியாயின் அறிந்தவர் எதைப் பார்க்கின்றனர்? சங்கை அறிந்தவரைப் போலவே உள்ளே பார்க்கின்றனர். ஃபெண்டர் கிட்டாரின் கழுத்தைக் கழற்றினால் அதன் அடியில் பென்சிலாலோ முத்திரையாலோ இட்ட நாட்குறியைப் பெரும்பாலும் காணலாம். முன் மூடியைத் திறந்தால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ‘வால்யூம் கண்ட்ரோல்’ திருகிகளின் முதுகில் வேறோர் எண் இருக்கும். அதில் முதல் மூன்று இலக்கம் திருகியைச் செய்தவரைக் குறிக்கும். அடுத்த இரண்டு ஆண்டு. கடைசி இரண்டு வாரம். 1377412 என்றிருந்தால், 137 என்பது சி.டி.எஸ். நிறுவனம், 1974-ஆம் ஆண்டு, 12-ஆம் வாரம். அத்திருகி பிறக்கும் முன் அக்கிட்டார் பிறந்திருக்க முடியாது. ஆனால் அதற்கு வெகு காலம் கழித்துப் பிறந்திருக்கலாம். 1966-ல் ஃபெண்டர் பெருமளவில் வாங்கிக் குவித்த திருகிகள் பல ஆண்டுகள் கழித்துச் செய்த கிட்டார்களிலும் காணப்படுகின்றன. ஈயம் பற்றவைத்த இடங்கள் ஒரு முறை பற்றவைத்தவாறே மங்கியிருக்கின்றனவா, அன்றிப் புதிதாக மின்னுகின்றனவா என்பதும் ஒரு சாட்சி. ஒரு சாட்சி பொய்க்கலாம். பல சாட்சிகள் ஒன்றையொன்று அறியாமல் ஒரே செய்தியைச் சொன்னால் அது மெய்யெனக் கொள்ளலாம்.

எங்கள் பங்கில் நிகழ்ந்தது

மேலே கூறியவை ஏட்டுச் செய்தியாக நின்றுவிடாமல் எங்கள் கண்முன்னே பயன்பட்ட ஒரு நிகழ்ச்சி உண்டு.

1991-க்கு முன் வெளிநாட்டுக் கருவிகளை இறக்குமதி செய்வது எளிதன்று. ஆயினும் நம் கரைக்கு அவை வந்தன. 1980-களின் தொடக்கம் வரை இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடியது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் சிலர் பெட்டி படுக்கையோடு கிட்டாரையும் கொணர்ந்தனர். சரக்குக் கப்பல்களில் பணியாற்றிய நம் ஊரார் சிலர் தொலைதூரத் துறைமுகங்களில் வாங்கி வந்தனர். அப்படி ஒரு கப்பல் பணியாளர் எங்கள் பங்கில் இருந்தார். விடுமுறையில் வரும்போதெல்லாம் கிறிஸ்மஸ் நள்ளிரவுத் திருப்பலிக்கு அவர் தம் மின்கிட்டாரை வாசிப்பார். அவர் இறந்தபின் கருவி உறையிலேயே கிடந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய மனைவி, எழுபதைத் தாண்டிய பெரியம்மா, பேத்தியின் நர்சிங் படிப்புக் கட்டணத்துக்காக அக்கிட்டாரை விற்க முற்பட்டார். நகரிலிருந்து ஒரு தரகர் வந்தார். கருவியைத் திருப்பிப் பார்த்தார். பின்புறத் தகட்டில் எண் இல்லை. ‘எண் இல்லாதது டூப்ளிகேட், மரத்துக்கு வேண்டுமானால் ஏதோ தருகிறேன்’ என்று மிகச் சிறிய தொகை ஒன்றைச் சொன்னார். பெரியம்மா அன்று மாலை எங்களிடம் வந்தார். பணம் குறைந்ததைப் பற்றி அவர் பேசவேயில்லை. “தம்பி, நம்பர் இல்லேன்னா, அவர் என்கிட்டே பொய் சொல்லிட்டாருன்னு அர்த்தமா?” என்றுதான் கேட்டார்.

அக்கேள்வி எங்களை உறங்கவிடவில்லை. பாடகர் குழு இளைஞர் இருவர், மதுரையில் கிட்டார் பழுது பார்க்கும் ஒருவரை அழைத்து வந்தனர். பெரியம்மாவின் வீட்டுத் திண்ணையில், அவர் கண்முன்னே கருவி திறக்கப்பட்டது. எண் இல்லாத தகடு உள்ளூர் லேத்துப் பட்டறையில் வெட்டியது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. ஆனால் அதில் திருகாணித் துளைகள் மூன்று. போலி செய்வோர் பெரும்பாலும் நான்கு துளை வடிவையே பின்பற்றுவர் என்றும், ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 1971-ன் பிற்பகுதி முதல் ஏறக்குறையப் பத்தாண்டுகளே மூன்று திருகாணி முறை இருந்தது என்றும் அவர் விளக்கினார். கழுத்தின் அடியில் மங்கிய முத்திரை எண்கள். முன் மூடியைத் திறந்தபோது மூன்று திருகிகளிலும் 137 என்னும் தொடக்கம். மூன்றும் 1974-ஆம் ஆண்டின் வாரங்கள். ஈயப்பற்று எதுவும் கலைக்கப்படவில்லை.

பெரியம்மா உள்ளே சென்று ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொணர்ந்தார். அதில் கணவர் எழுதிய கடிதங்கள். 1975-ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் அஞ்சல் முத்திரை தாங்கிய ஒன்றில், மூன்று மாதச் சம்பளத்தைக் கொட்டி ஒரு கிட்டார் வாங்கியதையும், கோபித்துக்கொள்ள வேண்டா என்பதையும் அவர் எழுதியிருந்தார். பின்னொரு கடிதத்தில், பின்புறத் தகடு துருப்பிடித்துத் திருகாணி ஒடிந்துவிட்டதால் ஊருக்கு வந்ததும் பட்டறையில் புதிது செய்ய வேண்டும் என்றொரு வரி. எண் எங்கே போயிற்று என்பதற்கும் விடை கிடைத்தது. மரமும் திருகியும் கடிதமும் ஒரே செய்தியைச் சொல்லின. பெரியம்மா கடிதத்தை மடித்து மீண்டும் டப்பாவில் வைத்தார். “அவர் பொய் சொல்ற ஆளில்லே” என்றார். அவ்வளவே.

தரகர் மறுமுறை வந்து முன்சொன்னதைப் போல மும்மடங்கு தருவதாகக் கூறினார். கருவி அவருக்கு விற்கப்படவில்லை. சில வாரங்களில் திருச்சியைச் சேர்ந்த இசைக்கலைஞர் ஒருவர் வந்து வாங்கிச் சென்றார். விற்கும்போது, எவை முதலிலேயே இருந்தவை, எவை மாற்றப்பட்டவை என்று ஒரு தாளில் எழுதி, பெரியம்மா கையொப்பமிட்டார். ‘பின்புறத் தகடு மாற்றப்பட்டது, எண் இல்லை’ என்பது அதில் முதல் வரி. அவ்வரியினால் விலை சிறிது குறைந்தது. ஆயினும் முதல் ஆண்டுக் கட்டணத்துக்கு அது போதுமானதாயிற்று. அதை மறைத்திருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம் என்று ஓர் இளைஞர் சொன்னபோது, “அவர் பேரிலே விக்கிறது, தம்பி” என்றார் பெரியம்மா.

உப்பின் சாட்சி

இங்கே நம் கடற்கரைக்கே உரிய ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். பாம்பன் நீரிணைப் பகுதி, இரும்பு மிக விரைவில் அரிக்கப்படும் இடங்களுள் ஒன்று எனப் பொறியாளர் கூறுவர். 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் இரயில் பாலத்தைக் காத்து நிற்பதற்கு எத்தனை தலைமுறையினர் வண்ணம் பூசினர் என்பது நாடறிந்தது; 2022 டிசம்பரில் அதன்மேல் வண்டிகள் நின்றன; 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டது. பாலத்தையே தின்னும் காற்று கிட்டாரின் தகட்டை விட்டுவைக்குமா? கம்பி சில வாரங்களில் கறுக்கும். திருகாணி தலை உதிரும். முடுக்கும் சாவிகள் இறுகும். ஆதலின் நம் கரையில் ஐம்பது ஆண்டு இருந்த கிட்டாரில் சில உறுப்புகள் மாறியிருப்பது இயல்பே. மாறாக, ‘ஐம்பது ஆண்டாக இராமேசுவரத்தில் இருந்தது’ என்று சொல்லி, தகடும் திருகாணியும் நேற்று வாங்கியவை போல மின்னினால், அங்கேதான் ஐயுற வேண்டும்.

உறுப்பு மாறியதனால் மட்டும் கருவி போலியாவதில்லை. புகழ்பெற்ற கிட்டார்க் கலைஞர் எரிக் கிளாப்டன், 1970-ல் நாஷ்விலில் வாங்கிய பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களுள் மூன்றின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கினார். ‘பிளாக்கி’ எனப்பட்ட அக்கருவி 2004-ல் ஏலத்தில் 9,59,500 டாலருக்கு விற்றது. மூன்று கிட்டார்களின் கலவை என்பதை எவரும் மறைக்கவில்லை, அறிந்தே வாங்கினர். பால் மக்கார்ட்னி 1961-ல் ஆம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் பேஸ் கிட்டார் 1972-ல் இலண்டனில் திருடு போயிற்று. அரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு வீட்டுப் பரணில் இருந்து கிடைத்து உரியவரிடம் சேர்ந்த செய்தி 2024 பிப்ரவரியில் வெளியாயிற்று. அதனை உண்மையென உறுதி செய்தவர் ஹோஃப்னர் நிறுவனத்தாரே.

தனுஷ்கோடிக்குச் செல்வோர், 1964 டிசம்பர் 22-23 இரவுப் புயலில் இடிந்த ஆலயத்தின் சுவர்களைக் காண்கின்றனர். பெயர்ப்பலகை இல்லை, மணி இல்லை. ஆயினும் பவளக் கல்லும், வளைவும், பலிபீடம் இருந்த மேடையும் அஃது ஆலயம் என்று இன்றும் சொல்கின்றன. எழுத்து அழிந்த இடத்தில் கல் பேசுகின்றது.

வாங்குவோரும் விற்போரும்

இனி, கிட்டார் வாங்கித் தரக் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும், பங்கின் பாடகர் குழுப் பொறுப்பாளருக்கும் சில சொற்கள்.

பழைய கருவி வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். ஆனால் எண்ணோடு நின்றுவிடாதீர்கள். எண் சொல்லும் ஆண்டும் கழுத்தின் குறியும் திருகியின் எண்ணும் ஒத்துவருகின்றனவா என்று, அறிந்த ஒருவரை வைத்துப் பாருங்கள். கழற்றிப் பார்க்க விற்பவர் இசையாவிடில் பணப்பையைத் திறக்க வேண்டா. புகழ்பெற்ற பெயர் பொறித்த புதிய கருவி நம்ப முடியாத மலிவு விலைக்கு வருமாயின், அவ்விலையே அதன் உண்மையைச் சொல்லிவிட்டது. கற்கத் தொடங்கும் பிள்ளைக்குப் பெரும் பெயர் தேவையுமில்லை. தன் சொந்தப் பெயரை நாணாமல் தாங்கி நிற்கும் எளிய கருவி போதும். பொய்ப் பெயர் பொறித்த கருவியை ஆலயத்தில் வைத்து மெய்யான பாடலைப் பாடுவது நமக்கு அழகன்று.

வாங்கியபின் எண்ணை ஒரு நோட்டில் எழுதி, கருவியை முன்னும் பின்னும் படமெடுத்து, ரசீதோடு சேர்த்து வையுங்கள். திருடு போனால் காவல் நிலையத்தில் கொடுக்க அதுவே உதவும். உறுப்பு மாற்றினால் எப்போது, எதற்காக என்று குறித்து வையுங்கள். கழற்றிய பழைய உறுப்பை, துருப்பிடித்ததாயினும், எறிந்துவிடாதீர்கள். வாசித்தபின் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்து உறையில் இடுங்கள். நம் கரையில் இது கருவிக்குச் செய்யும் முதல் மரியாதை.

வீட்டில் பழைய கருவி ஒன்று இருக்குமாயின், அதனைப் பற்றி ஒரு தரகர் மட்டும் சொல்லும் சொல்லைத் தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். தன் ஆதாயத்துக்காகப் பேசுபவர் ஒரே நேரத்தில் சாட்சியாகவும் நீதிபதியாகவும் இருக்க முடியாது. பெட்டியில் உள்ள கடிதம், சுவரில் உள்ள படம், அண்டை வீட்டாரின் நினைவு ஆகிய அனைத்தும் சாட்சிகளே. நம் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டிலும் வரிசை எண் உண்டு. ஆயினும் அதில் பெற்றோர் பெயரும், ஞானப்பெற்றோர் பெயரும், குருவின் கையொப்பமும் சேர்ந்தே நிற்கின்றன. வெறும் எண்ணை மட்டும் எழுதி ஒரு பிள்ளையை இன்னார் என்று திருச்சபை குறித்ததில்லை.

எண் பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. அஃது ஒரு வாசல். வாசலைக் கண்டு வீட்டைக் கண்டதாக எண்ணுவோர் ஏமாறுவர். வாசல் இடிந்ததால் வீடே இல்லை என்போர் பிறரை ஏமாற்றுவர். உள்ளே சென்று பார்ப்பவரே உண்மையைக் காண்பர்.